விழுந்தவனெல்லாம் குடித்தவன்

அரிப்பு என்கிற எங்கள் கரையோர ஊரில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்தால், ஏன் விழுந்தார் என்று யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதில்லை. விழுந்தது யார் என்று தெரிந்தால் போதும், காரணம் தானாகவே வந்து நிற்கும். பாதர் விழுந்தால் களைப்பு. வாத்தியார் விழுந்தால் றோட்டுப் பிழை. பெண்பிள்ளை விழுந்தால் அவளுக்கு வண்டி ஓடத் தெரியாது. கலியாண வயதில் உள்ள ஆண்பிள்ளை விழுந்தால் குடி. இதில் கடைசிக் காரணத்துக்குத்தான் ஊரில் மவுசு அதிகம். அதை வைத்து நாலு நாளைக்குக் கதைக்கலாம் அல்லவா.

யசிந்தா மீனவர் சங்கக் கந்தோரில் கிளாக்கர். ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போய் வருவாள். அவளும் விழாத இடமில்லை. அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திருப்பப் போய் விழுந்திருக்கிறாள். பெற்றோல் செட்டில் சிந்திக் கிடந்த எண்ணெயில் கால் வழுக்கி, பின்னால் ஒரு வரிசையே பார்த்துக்கொண்டிருக்க விழுந்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் "பாவம் பிள்ளை, ஓடத் தெரியாது" என்று சொல்லித்தான் தூக்கிவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒருவராவது அவள் வாயை மணந்து பார்த்ததில்லை. அந்தச் சலுகையின் அருமை, அவளுக்கு நிச்சயித்த றெனால்ட் விழத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

றெனால்ட் மன்னார் ரவுண் பெடியன். படகு எஞ்சின் திருத்துகிறவன். மன்னார்த் தீவிலும் இந்தக் கரையிலும் எஞ்சின் மக்கர் பண்ணினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கட்டையான ஆள், ஆனால் கையில் பலம், வாயில் பகிடி. குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. கலியாண வீடுகளில் மற்றவர்கள் பின்வளவுக்குப் போகும் நேரத்தில் இவன் சோடாப் போத்தலோடு முன்பந்தலில் கிழவிகளுக்கு நடுவே இருந்து கதை கேட்பான். அந்த ஒரு குணத்துக்காகவே யசிந்தாவின் அப்பா எமிலியானுஸ் சம்மதம் சொன்னார்.

எமிலியானுஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய தமையன் படகையும் வலையையும் குடித்தே தீர்த்தவர். அதைக் கூட இருந்து பார்த்த நாளிலிருந்து எமிலியானுஸ் மனிதர்களின் வாயை நம்புவதில்லை, தன் மூக்கைத்தான் நம்புவார். சந்தேகம் வந்தால் ஆள் யார், இடம் எது என்று பார்க்கமாட்டார். கிட்டப் போய், "எங்க, ஒருக்கா ஊதும்" என்பார். ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும் உள்ள மனிதர் அப்படிக் கேட்டால் யார் ஊதாமல் இருப்பார்கள்? நிச்சயதார்த்தத்தன்று அவர் றெனால்டை இழுத்துக் கட்டியணைத்ததைப் பார்த்து, மருமகனில் எவ்வளவு பாசம் என்று ஊரே உருகியது. அணைக்கிற சாட்டில் அவர் வாயை மணந்து பார்த்தார் என்பது யசிந்தாவுக்கும் அவள் அம்மா எடித்துக்கும் மட்டும்தான் தெரியும்.

நிச்சயம் முடிந்த கையோடு றெனால்ட் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். நீல நிறம். மலையும் காடும் ஏறுகிறவர்களுக்கென்று செய்த உயரமான வகை. அதில் அவன் வந்து இறங்கினால் கரையில் குனிந்து வலை பின்னுகிறவர்கள்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். யசிந்தாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, இவர்களுக்குள் திருமணத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும் என்று பாதர் கேட்பது கோயில் வழக்கம். முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு றெனால்ட் அரிப்புக்கு வந்தான். ஒழுங்கை முடக்கில் வடிவாகத் திரும்பி, ஹாண்டிலை நேராக்க முதலே முன் பிறேக்கைப் பிடித்துவிட்டான். கீழே பொருபொரு மணல். ஓடுகிற மோட்டார் சைக்கிள் லேசில் விழாது, நின்ற பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டும். வாசலுக்கு ஓடி வந்த யசிந்தாவின் கண் முன்னால் அது மெல்ல மெல்லச் சரிந்தது. பிடித்து நிறுத்தலாம் என்று பார்ப்பவருக்கு ஆசை காட்டுகிற அளவுக்கு ஆறஅமரச் சரிந்தது. றெனால்ட் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், ரவுணில் வாங்கிய கேக் பெட்டி நடுவில்.

அடுத்த வீட்டு றஞ்சிதம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஊரில் எது விழுந்தாலும் முதலில் காண்பது அவள்தான்.

"என்ன தம்பி, மத்தியானமேயோ?" என்றாள்.

றெனால்ட் சிரித்து மழுப்பினான். நசிந்த கேக்கை எல்லோரும் கரண்டியால் தின்றார்கள். எமிலியானுஸ் மட்டும் தின்னவில்லை. சாப்பாடு முடியும்வரை அவர் மருமகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை நடுவில் கூறைச்சேலை எடுக்க மன்னார் பஜாருக்குப் போனார்கள். றெனால்ட் முன்னால், யசிந்தாவும் எடித்தும் ஸ்கூட்டியில் பின்னால். பஜார் முடக்கில் கழுதை ஒன்று நடு றோட்டில் நின்று என்னவோ யோசித்துக்கொண்டிருந்தது. மன்னார்க் கழுதைக்கு ஹோர்ண் அடித்து என்ன பயன்? றெனால்ட் நிறுத்தினான். இடது காலை ஊன்றப் போன இடத்தில் தார் உடைந்து ஒரு பள்ளம். கால் கீழே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் அவனும் போனான், அவனுக்கு மேல் சைக்கிளும் போனது. கழுதை திரும்பிப் பார்த்துவிட்டு வழியை விட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக்கடை ஜமால்தீன் ஓடி வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அவனை இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்டீயும் கொடுத்தார். "அடி ஒண்டும் படேல்லையே மகன்? இந்தப் பள்ளம் போன மாசம் என்னையும் விழுத்தினது" என்றார். பாவம், அந்தச் சாட்சி அரிப்புவரை வந்து சேரவில்லை. றெனால்ட் பஜாரில் பட்டப்பகலில் விழுந்தான் என்பது மட்டும், சேலைப் பார்சலோடு இவர்கள் வீடு திரும்ப முதலே வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிறும் பெயர் வாசித்தாயிற்று. எமிலியானுஸ் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் சத்தம் போட்டால் எடித் பயப்படமாட்டாள், கதைக்காமல் இருந்தால்தான் பயப்படுவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பயத்துக்கு அர்த்தம் வந்தது. கலியாண அழைப்பிதழ்களைக் கொடுக்க றெனால்ட் வந்தான். விறாந்தையில் கதிரை போட்டு, மாமனார் கால்மேல் கால் போட்டு இருந்தார். அவரைக் கண்ட பதற்றத்தில் ஸ்ராண்டைத் தட்டினேனா இல்லையா என்பதே அவனுக்கு மறந்து போயிற்று. தட்டவில்லை. இறங்கிக் கையை விட்டான். எடித் தண்ணீர் ஊற்றி வளர்த்த மல்லிகைச் சாடியின் மேல் சைக்கிள் போய்ப் படுத்தது.

எமிலியானுஸ் எழுந்து முற்றத்தில் இறங்கினார்.

"எங்க தம்பி, ஒருக்கா ஊதும்."

"மாமா, நான்..."

"ஊதும்."

றெனால்ட் ஊதினான். ஊதியதுதான் அவன் செய்த பெரிய பிழை. யசிந்தாவைப் பார்க்க வருகிறோமே என்று ஆசையாக அவன் வழியில் வாங்கி வாயில் போட்டிருந்தது வாயை மணக்கச் செய்கிற மின்ற் இனிப்பு. இந்தக் கரையில் மின்ற் இனிப்பு யார் சாப்பிடுகிறார்கள், எதற்குச் சாப்பிடுகிறார்கள் என்று மதுவிலக்குச் சங்கத் தலைவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் முகம் இருண்டது.

"சரி தம்பி, போயிட்டு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

அவன் போன பிறகு, அழைப்பிதழ்க் கட்டைத் தொடாமலே, மகளைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, நாளண்டைக்குப் பாதரிட்டப் போறன். மூண்டாம் வாசிப்பை நிப்பாட்டச் சொல்லி. உன்னை ஒரு குடிகாரனுக்குக் குடுத்துப்போட்டு என்னால கண்மூடி நித்திரை கொள்ள ஏலாது."

"அப்பா, அவர் குடிக்கிறவர் இல்லை."

"அப்ப ஏன் விழுறார்? நிண்ட நிலையில விழுற மனிசனை நான் ஒருநாளும் காணேல்ல. எனக்கு ஒரு காரணம் சொல்லு, நான் கேக்கிறன்."

யசிந்தாவிடம் காரணம் இருக்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. மறுநாள் கந்தோரை முடித்துக்கொண்டு நேரே கரைக்குப் போனாள். றெனால்ட் ஒரு படகின் எஞ்சினைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும், ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டைத் திரும்ப இறுக்கத் தொடங்கினான்.

"நீங்கள் குடிக்கிறனீங்களோ?" என்றாள் யசிந்தா.

"இல்லை. மாதா சத்தியமா இல்லை."

"அப்ப ஏன் விழுறியள்?"

அவன் கண் ஒருக்கால் சைக்கிள் பக்கம் போய் வந்தது. அவள் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். அகலமான கரை முழுவதும் இடமிருக்க, அது கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தோடு ஒட்டி நின்றது. யசிந்தாவுக்கு ஒன்று பொறி தட்டியது. அவள் வீட்டுக்கு வந்தால் மதகுக் கட்டோரம் நிறுத்துவான். கடைக்குப் போனால் படியோரம். கோயிலில் எல்லோரும் மரநிழலில் வரிசையாக விட, இவன் மட்டும் வெயிலில் கிணற்றுக்கட்டோரம் விடுவான். புதுச் சைக்கிளில் யாரும் உரசிவிடுவார்கள் என்ற பயம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"எங்க, ஒருக்கா ஏறிக் காட்டுங்கோ. வள்ளத்தில மிதிச்சு இல்லை. அங்கால வெளியில விட்டு."

"யசிந்தா, வேண்டாம்."

"ஏறுங்கோ எண்டுறன்."

அவன் சைக்கிளை வெளியில் உருட்டிக்கொண்டு போனான். ஹாண்டிலைப் பிடித்து, ஒரு காலில் இரண்டு தரம் துள்ளி, மூன்றாந் துள்ளலில் ஒருமாதிரி ஏறி இருந்தான். கால்கள் இரண்டும் தொங்கின. பெருவிரல் மட்டும் மணலைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் ஆடியது.

யசிந்தாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"கால் எட்டேல்ல எண்டு சொல்லியிருக்கலாமே! இதுக்குப் போய்க் குடிகாரன் எண்ட பேரை வாங்குவினமோ?"

"உமக்கு உம்மட ஊரைத் தெரியாதோ?" என்றான் றெனால்ட். "ஒரு கலியாண வீட்டில ரெண்டாந்தரம் பாயாசம் கேட்ட மனிசனை இண்டைக்கும் பாயாசத்தார் எண்டுதான் கூப்பிடுகினம். அவர் செத்துப்போனார். அவற்ற பேத்தி கம்பஸுக்குப் போயிட்டாள், அவளும் பாயாசத்தாற்ற பேத்திதான். குடிகாரன் எண்டால் ரெண்டு வருசம் குடிக்காமல் இருந்து காட்டினால் மறந்துபோவினம். எட்டாதவர் எண்டு பேர் விழுந்தால் அது சாகும்வரைக்கும் போகாது. எங்கட பிள்ளையளும் எட்டாதவற்ற பிள்ளையள்தான்."

எங்கள் பிள்ளைகள் என்று அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. யசிந்தாவின் முகம் சூடேறியது. அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல், "பிறகேன் இந்த உசரத்தில வாங்கினனீங்கள்?" என்று கேட்டாள்.

அவன் இறங்கி, சைக்கிளை வள்ளத்தில் சாய்த்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான்.

"நிச்சயதார்த்தப் படத்தைப் பாத்தனீரோ? உம்மட காதுமட்டத்துக்குத்தான் நான் நிக்கிறன். இதில ஏறி இருந்து, நீர் பக்கத்தில நிண்டால், நான்தான் உசரம். கலியாணத்தண்டைக்கு அப்பிடி ஒரு படம் எடுக்க வேணும் எண்டு..."

அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது யசிந்தாவுக்கு. கரை முழுக்க ஆட்கள் இல்லாவிட்டால் பிடித்துத்தான் இருப்பாள். இவனையா வேண்டாம் என்கிறார் அப்பா?

"அப்பா நாளைக்கு வாசிப்பை நிப்பாட்டச் சொல்லிப் பாதரிட்டப் போறார்" என்றாள். "நான் உண்மையைச் சொல்லிப்போடட்டோ? ஒரு சொல்லுத்தான், எல்லாம் சரியாப் போகும்."

றெனால்ட் கழற்றிப் போட்ட எஞ்சினுக்கு முன்னால் திரும்பக் குந்தினான்.

"சொல்லாதையும். மாமாவோட நான் கதைக்கிறன். வேற என்னவும் செய்து பாப்பம். ஆனா இதைச் சொல்லாதையும்."

"சரி, சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அன்றிரவு அவளுக்குக் கண் மூடவில்லை. ஒரு சொல்லில் கலியாணத்தைக் காப்பாற்றலாம். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாச் சொல்லையும் யோசித்துப் பார்த்தாள்.

ஞாயிறு விடிந்தபோது சோளகக் காற்று ஊளையிட்டுக்கொண்டு வீசியது. எமிலியானுஸ் பூசைக்கு முன்னால் பாதரைப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். எடித் வேண்டுமென்றே சேலையை மூன்று தரம் அவிழ்த்து உடுத்தாள். கடைசியில் பொறுமை இழந்து, "நீங்கள் ரெண்டு பேரும் ஸ்கூட்டியில வாங்கோ" என்று கத்திவிட்டு, தன் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். யசிந்தா அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே பறந்தாள்.

கோயில் முற்றம் மணல். அங்கே சைட் ஸ்ராண்டில் நிறுத்துகிறவர்கள், ஸ்ராண்ட் புதைந்துவிடாமல் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையோ தட்டையான கல்லோ வைப்பது வழக்கம். எமிலியானுஸ் வருவதற்கிடையில் வரிசை நிரம்பி, கோயில் பக்கத்து வலது முனையில் மட்டும்தான் இடமிருந்தது. அவர் அதற்குள் தன் சைக்கிளைச் செருகினார், ஸ்ராண்டைத் தட்டினார், சிரட்டையாவது கல்லாவது என்று, பாதர் உடுத்துகிற அறைக்குள் புகுந்தார். யசிந்தா ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அறை வாசலில் நின்றாள்.

"பாதர், மூண்டாம் வாசிப்பு இண்டைக்கு வேண்டாம்" என்றார் எமிலியானுஸ்.

பாதர் மில்ரன் பூசை உடுப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். தலை வெளியே வர முதல் குரல் வந்தது. "ஏன் அண்ணை? என்ன தடை?"

"பெடியன் விழுறான், பாதர்."

"விழுறது திருச்சபைச் சட்டத்தில தடையில்லையே."

"குடிச்சுப்போட்டு விழுறான்."

"குடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?"

"மின்ற் மணந்தது."

பாதரின் தலை வெளியே வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார். "அண்ணை, ஒரு பிள்ளையின்ர கலியாணத்தை மின்றில நிப்பாட்டக் கூடாது. உங்களுக்கு நிச்சயமாத் தெரியும் எண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். தெரியுமோ?"

எமிலியானுஸ் வாயைத் திறந்தார். யசிந்தாவும் திறந்தாள். எட்டாதவர் என்று பேர் வந்தால் வரட்டும், வாக்காவது ஒன்றாவது என்று அவள் நினைத்த அந்த நேரத்தில் வெளியே பெரிய சத்தம் கேட்டது.

ஒரு சத்தம் இல்லை. தடால், தடால், தடால் என்று அது இடப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. மூவரும் வெளியே ஓடி வந்தார்கள். மரத்தடியில் நின்ற வரிசை முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தது. கடைசியில் நின்ற சைக்கிள் விழுவோமா விடுவோமா என்று ஒருமுறை ஆடி, அதுவும் விழுந்தது. எல்லாவற்றுக்கும் தலைமாட்டில், மற்றவற்றைத் தள்ளிவிட்ட பெருமையோடு எமிலியானுஸின் சைக்கிள் கிடந்தது. அதன் ஸ்ராண்ட் மணலுக்குள் முழுதாகப் புதைந்திருந்தது.

முற்றத்தில் நின்ற சனம் அதைப் பார்த்தது. பிறகு எமிலியானுஸைப் பார்த்தது. றஞ்சிதத்துக்கு இதற்குமேல் அடக்க முடியவில்லை.

"என்ன எமிலியானுஸண்ணை, காலமையேயோ?"

ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "அண்ணை, ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ!" என்று கத்தினார்கள். எத்தனை வருடமாக அவர் முன்னால் ஊதியவர்கள் அங்கே நின்றார்கள், எல்லோரும் அன்று சேர்த்துச் சிரித்தார்கள். எமிலியானுஸ் சைக்கிளைத் தூக்கக் குனிந்தார். ஹாண்டில் பக்கத்துச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வரவில்லை. காது சிவந்து, கழுத்து சிவந்து, அவ்வளவு பெரிய மனிதர் மணலில் குனிந்தபடி நின்றார். அப்பாவில் கோபமாக இருந்த யசிந்தாவுக்கே தாங்கவில்லை.

கிணற்றுக்கட்டுப் பக்கமிருந்து றெனால்ட் வந்தான். யாரையும் பார்க்கவில்லை. மாட்டியிருந்த ஹாண்டிலை விடுவித்து, சைக்கிளுக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடித்து ஒரே தூக்கில் நிறுத்தினான். பிறகு சனத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னத்துக்குச் சிரிக்கிறியள்? மண் இளகிக் கிடக்கு, சோளகம் இந்த அடி அடிக்குது. எவற்ற சைக்கிளெண்டாலும் விழும். மாமாவில ஒரு பிழையும் இல்லை."

சிரிப்பு அடங்கியது. இந்த இரண்டு கிழமையும் அவன் விழுந்தபோது இப்படி ஒரு வார்த்தை அவனுக்காக அரிப்பில் யாரும் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, அவள்கூடக் கேள்விதான் கேட்டாள். யசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. எமிலியானுஸுக்கு என்ன இருந்ததென்று தெரியவில்லை. அவர் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். கிட்டத்தான் நின்றார், ஆனால் மணந்து பார்க்கவில்லை.

பூசை நடந்தது. அறிவித்தல் நேரம் வந்ததும் பாதர் மில்ரன் இருவர் பெயரையும் மூன்றாம் முறையாக வாசிக்கத் தாளை எடுத்தார். எடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் பார்த்தார். எமிலியானுஸ் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். பிறகு சம்மதம் என்று தலையை ஆட்டினார். சின்னதாக ஆட்டினால் பாதருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று பயந்தவர் போல இன்னொரு தரம் பெரிதாகவும் ஆட்டினார். பாதர் வாசித்தார். தடை அறிவிக்க ஒருவரும் எழும்பவில்லை. எடித் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பூசை முடிந்து வந்து பார்த்தால், எமிலியானுஸின் சைக்கிளில் கிளச் பிடி முறிந்து தொங்கியது.

"மாமா, நான் கொண்டுபோய் விடுறன், வாங்கோ" என்றான் றெனால்ட்.

யசிந்தா கிணற்றுக்கட்டைப் பார்த்தாள். அதில் காலை ஊன்றிக்கொண்டு அவரை ஏற்றினால் தப்பலாம். ஆனால் முற்றம் நிறையச் சனம், அவன் எப்படி அங்கே வைத்து ஏற்றுவான்? மாமனாருக்கு மரியாதையாக வெளியில் நடுமணலுக்கு உருட்டிக்கொண்டு வந்தான். துள்ளி ஏறினான். பெருவிரல்கள் மணலைத் தேடின.

"மாமா, நான் சொன்ன பிறகு ஏறுங்கோ."

எமிலியானுஸ் தன் ஆயுளில் இன்னொருவர் சொல்லும்வரை பொறுத்தவரில்லை. மருமகனின் தோளைப் பிடித்தார், காலைத் தூக்கிப் போட்டார். அவ்வளவு பாரமும் ஒரேயடியாக ஏறியதும் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. சாயும்போது எமிலியானுஸ் குனிந்து கீழே பார்த்ததை யசிந்தா கண்டாள். மருமகனின் கால் நீண்டு, விரல்கள் நீண்டு, எட்டாத நிலத்தைத் தேடித் தவிப்பதை அவர் தன் கண்ணால் பார்த்தார். பிறகு இருவரும் போய் மணலில் கிடந்தார்கள்.

றஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

"ஒருத்தரும் கதைக்கக் கூடாது!" என்று கிடந்த கிடையிலேயே முழங்கினார் எமிலியானுஸ். "பிழை என்ர. தம்பி சொல்ல முதல் நான் அவசரப்பட்டு ஏறிப்போட்டன். அவர் ரெண்டு காலையும் நிலத்தில வடிவா ஊண்டித்தான் நிண்டவர். நான் என்ர கண்ணால பாத்தனான்!"

அப்பா பொய் சொன்னதை யசிந்தா அன்றுவரை கேட்டதில்லை. அதுவும் கோயில் முற்றத்தில், பூசை முடிந்த கையோடு, ஊர் கேட்கச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஓடிப்போய் இருவர் பக்கத்திலும் குந்தினாள். எமிலியானுஸ் எழும்ப எத்தனிக்கவில்லை. மருமகனின் காதுக்குக் கிட்டத் தலையைக் கொண்டுபோனார்.

"தம்பி, முருங்கனில சீற் தைக்கிற ஒருத்தன் இருக்கிறான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உள்ளுக்க இருக்கிற ஸ்பொஞ்சை வெட்டிக் குறைச்சுப்போட்டு, மேல பழையபடி தைச்சுத் தருவான். பாத்தால் ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்குப் போவம். அங்கமட்டும் உம்மட சைக்கிளை நான் ஓடிக்கொண்டு வாறன்."

றெனால்டின் முகம் மணலுக்குள்ளேயே சிவந்தது. "ஓம் மாமா" என்றான்.

"நீயும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை, பிள்ளை. கொம்மாவிட்டையும்தான்."

"இல்லை அப்பா" என்றாள் யசிந்தா. அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த மணலை முதலில் தட்டிவிட்டு, பிறகு றெனால்டின் பக்கம் திரும்பினாள்.